படம் பார்த்துவிட்டு வந்து நாலு வரி எழுதுவது எப்படி?

படம் முடிந்து பைக்கை வெளியே எடுப்பதற்குள் யாராவது போன் போட்டு "படம் எப்படி?" என்று கேட்டுவிடுவார்கள். நாமும் "ம்ம், ஒரு தடவை பார்க்கலாம்" என்போம். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து சிரித்து, கண்ணைத் துடைத்து, நடுவில் போனை எடுத்து மணி பார்த்து, இவ்வளவும் நடந்த பிறகு வாயில் வருவது அந்த ஒரு வரிதான். சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தால் "ஒளிப்பதிவு படத்துக்குப் பலம்" என்று நம் வாயில் என்றைக்குமே வராத வாக்கியம் வந்து நிற்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது நான் எழுதுகிற விதத்தை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வீடு போய்ச் சேரும் முன் குறித்துக்கொள்ளுங்கள்

போனில் மூன்றே குறிப்பு போதும். எந்தக் காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, எந்த இடத்தில் மணி பார்த்தீர்கள், எது எரிச்சலாக இருந்தது. "சூப்பர்", "சுமார்" எல்லாம் இப்போது வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'லப்பர் பந்து' பார்த்த அன்று என் போனில் இருந்தது இவ்வளவுதான்: "டிராக்டர் வந்து பிட்சை உழுதது. பொட்டு வச்ச பாட்டுக்குப் பின் வரிசை அண்ணன் எழுந்து நின்றது. பசி." மூன்றாவதுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் மறுநாள் அதைப் பார்த்ததும் அந்த ராத்திரி மொத்தமும் ஞாபகம் வந்துவிட்டது.

இதைச் செய்துமுடிக்கும்வரை வேறு யார் எழுதியதையும் படிக்காதீர்கள். ஒருமுறை தியேட்டரிலிருந்து சந்தோஷமாகக் கிளம்பி, பஸ்ஸில் நாலைந்து பேர் திட்டியிருந்ததைப் படித்துக்கொண்டே வந்தேன். என் ஸ்டாப்பில் இறங்கும்போது எனக்கும் அந்தப் படம் பிடிக்காமல் போயிருந்தது. இன்றைக்கும் அது என் கருத்தா அவர்கள் கருத்தா என்று தெரியவில்லை.

படி 2: ஒரே ஒரு காட்சியைப் பிடியுங்கள்

முக்கியமான வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2024-ல் பிரேம்குமார் இயக்கத்தில் வந்த 'மெய்யழகன்' பற்றி நான் முதலில் எழுதியது இப்படி இருந்தது:

"அருமையான படம். கார்த்தி, அரவிந்த்சாமி நடிப்பு சூப்பர். இசை மனதை வருடுகிறது. கொஞ்சம் லேக்."

இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நடிகர் பெயர்களை எடுத்துவிட்டு வேறு எந்த இருவர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். எழுதி முடித்ததும் இந்தச் சோதனையை நீங்களும் செய்துபாருங்கள். பெயரை மாற்றினாலும் பொருந்துகிறது என்றால் நீங்கள் இன்னும் படத்தைப் பற்றி எழுத ஆரம்பிக்கவே இல்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

"ரொம்ப வருஷம் கழித்து நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார் அரவிந்த்சாமி, வந்த சுவடு தெரியாமல் ராத்திரியே கிளம்பிவிடுகிற எண்ணத்தோடு. 'அத்தான் அத்தான்' என்று கார்த்தி ஒட்டிக்கொள்கிறார், இவருக்கோ அவர் பெயர் ஞாபகமில்லை, கேட்கவும் கூச்சம். போன மாசம் ஒரு வளைகாப்பில் எனக்கு இதேதான் நடந்தது, அரை மணி நேரம் 'வாங்க', 'சாப்டீங்களா' என்றே ஓட்டினேன். தங்கச்சி மேடையிலேயே அண்ணன் கொண்டுவந்த பரிசைப் பிரிக்கும்போது பக்கத்து சீட்காரர் மூக்கை உறிஞ்சினார், நான் இருட்டில் பாப்கார்னைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே இரண்டு தடவை மணி பார்த்தேன்."

நடிப்பு என்ற வார்த்தையே இதில் இல்லை, ஆனாலும் நடிப்பு எப்படி என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். "லேக்" என்ற சொல்லும் போய்விட்டது, எந்த இடத்தில் இழுத்தது என்பது வந்துவிட்டது. வளைகாப்பு விஷயத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், ஆனால் படித்தவர்களில் பாதிப் பேர் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

படி 3: கதையைப் போட்டு உடைக்காதீர்கள்

முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுவதை எழுதலாம், அதற்குமேல் வேண்டாம். 'மகாராஜா' மாதிரிப் படத்தில் சம்பவங்களைவிட அவை சொல்லப்படும் வரிசைதான் சரக்கு, அதில் "இது நடந்தது எப்போது" என்று ஒரு வார்த்தை விட்டாலும் போச்சு. குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு த்ரில்லரின் கொலைகாரன் யார் என்று ஆர்வக்கோளாறில் எழுதித் தொலைத்தேன், சித்தப்பா அன்றைய ராத்திரிக் காட்சிக்கு நாலு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதும் அதே பேச்சுதான்.

படி 4: எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் இதைக் கிட்டத்தட்ட எப்போதுமே விட்டுவிடுகிறார்கள். ஒரு படத்தில் வசனமே புரியவில்லை, சவுண்ட் மிக்சிங் மோசம் என்று காட்டமாக எழுதினேன். பிறகு வீட்டில் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. கோளாறு அந்தத் தியேட்டரின் ஸ்பீக்கரில். எழுதியதைத் திருத்தினேன், ஆனால் முதலில் படித்தவர்கள் திரும்பி வந்து திருத்தத்தைப் படிக்கவா போகிறார்கள்?

நீளம் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 'மெய்யழகன்' 2 மணி 57 நிமிடப் படமாக வெளியானது, அடுத்த சில நாட்களில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். முதல் நாள் பார்த்தவரும் இரண்டாவது வாரம் பார்த்தவரும் "நீளமா இல்லையா" என்று சண்டை போட்டால் இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். போனில் பார்த்தீர்களா, ஃபேன் சத்தத்தோடு பார்த்தீர்களா, நடுவில் குக்கரை இறக்கப் போனீர்களா, எல்லாமே சொல்லவேண்டிய விஷயம்தான். 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ சத்தமும் காற்றும்தான் காதில் விழும். அதைப் பருப்பு தாளித்துக்கொண்டே பார்த்துவிட்டு "ஒண்ணுமே நடக்கல" என்றால் அந்தப் படம் பாவம்.

படி 5: பிடிக்கவில்லை என்றால்

தாராளமாகச் சொல்லுங்கள், "மொக்கை" என்றே சொல்லுங்கள், டிக்கெட் காசு உங்களுடையது. எந்த இடத்திலிருந்து மொக்கை என்பதை மட்டும் சேர்த்துவிடுங்கள். நடிகரின் உடம்பு, நிறம், வயசு, அவருடைய ரசிகர்கள், வசூல் எவ்வளவு என்கிற கணக்கு, இவற்றில் எதைத் தொட்டாலும் பேச்சு படத்தை விட்டு எங்கேயோ போய்விடும், திரும்ப இழுத்துவர உங்களால் முடியாது. தொடாதீர்கள்.

படி 6: மார்க் போடலாமா?

நான் போடுவதில்லை. ஆனந்த விகடன் நூற்றுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் 1977-ல் வந்த '16 வயதினிலே'வுக்கே 62.5தான் கிடைத்தது, அப்போது அது பெரிய மார்க். இன்றைக்கு அதே மார்க்கைப் போட்டால் படம் பெயில் என்றுதான் படிப்பார்கள். அதற்குப் பதில் யாரோடு போகலாம் என்று எழுதுங்கள். "அம்மாவைக் கூட்டிப் போங்கள்", "குழந்தைகள் நெளிவார்கள்", "தனியாகப் போங்கள், கூட வருகிறவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்". டிக்கெட் புக் பண்ண நிற்பவருக்கு இதுதான் உதவும்.

கடைசியாகப் பெயர்களைச் சரிபாருங்கள். இசையமைப்பாளர் பெயரை மாற்றி எழுதி அத்தை மகனிடம் ஒரு வாரம் கேலி வாங்கியவன் சொல்கிறேன்.

இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று:

"கொட்டுக்காளி, வினோத்ராஜ் இயக்கியது, தியேட்டரில் மதியக் காட்சி, மொத்தம் பதினைந்து பேர் இருந்திருப்போம். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறார்கள், கூடவே ஒரு சேவலும். அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு நேரம் உறுமிக்கொண்டு வந்த ஆம்பிளைகள் எல்லாம் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பதினைந்து பேரும் சிரித்தோம். சூரி காமெடி பண்ணுவார் என்று நம்பி வந்த ஒருவர் இடைவேளையில் கிளம்பிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. படம் முடிந்த இடம் எனக்குப் புரிய வெளியே வந்து ஒரு டீ தேவைப்பட்டது. தனியாகப் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், தூக்கம் வரும்."

எழுத மொத்தம் பத்து நிமிடம், அதில் பாதி நேரம் காளைக்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசித்ததில் போனது. ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், பதில் சண்டைகளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.