கல்பாத்தியில் பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா?

கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பாலக்காட்டுக்குக் குடிவருபவர்களில் சிலருக்கு, கல்பாத்தி அக்கிரகாரத்தில் ஒரு வீடு என்றால் தனி ஆசை. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று கேட்டு வளர்ந்தவர்கள். தெருவில் தமிழ் ஒலிப்பதால் வேறு மாநிலம் என்ற நினைப்பே வராது. ஆனால் வீட்டில் கைவைக்கும்போது கேரளச் சட்டம்தான் செல்லும்.

கல்பாத்தி பாரம்பரியப் பகுதி. இங்கே முனிசிபாலிட்டி அனுமதி மட்டும் போதாது, மாநில அரசின் ஆர்ட் அண்ட் ஹெரிட்டேஜ் கமிஷனின் ஒப்புதலும் வேண்டும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே, வாங்கப்போகும் வீடு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முனிசிபாலிட்டியில் வீட்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முகப்பை இடித்துவிட்டு மாடி எழுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தத் தெருவில் வாங்கவே வேண்டாம். திண்ணையும் ஓட்டுச் சரிவும் ஒரே வரிசையாக ஓடுவதுதான் இந்தத் தெருவின் அழகு. ஒரு வீடு அதை உடைத்தால் அடுத்தவர்களுக்கும் நஷ்டம்.

அலுவலகத்துக்குப் போகும் முன் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். அக்கிரகார வீடுகள் ஒட்டியபடி கட்டியவை. பல வீடுகளில் பக்கச்சுவர் இருவருக்கும் பொது, உங்கள் உத்தரம் அவர்கள் சுவரிலும் தாங்கியிருக்கலாம். வரைபடத்தோடு போய் உட்கார்ந்து, எந்தச் சுவரைத் தொடப்போகிறீர்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்று பொறுமையாகக் காட்டுங்கள். "மாமா, உங்க பக்கம் விரிசல் விழாம பாத்துக்கறேன்" என்று வாயால் சொன்னதை எழுத்திலும் கொடுத்து, அவர்களின் சம்மதத்தையும் எழுதி வாங்கிவிடுங்கள். விண்ணப்பம் போன பிறகு வரும் ஆட்சேபணையைவிட, முன்கூட்டியே திண்ணையில் பேசி முடிப்பது எவ்வளவோ மேல்.

காகிதங்கள் விஷயத்தில், இங்கே 'ஆதாரம்' என்று கேட்டால் அது கிரயப் பத்திரம். பட்டா மாறுதலுக்குப் போக்குவரவு என்று பெயர். அதை முடித்து, நடப்பு ஆண்டு நிலவரி ரசீதும் கைவசச் சான்றும் வில்லேஜ் ஆபீஸில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பரம்பரை வீடு என்றால் பங்காளிகள் எல்லோருடைய கையெழுத்தும் தேவைப்படும். ஒருவர் மும்பையிலும் இன்னொருவர் அமெரிக்காவிலும் இருந்தால் இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், முதலில் இதைத் தொடங்குங்கள்.

விண்ணப்பம் கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாகப் போகும். 2024 ஜனவரியிலிருந்து கேரள நகராட்சிகளில் இதுதான் நடைமுறை. வரைபடத்தைப் பதிவுபெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது என்ஜினியர் தயாரிக்க வேண்டும். ஃபிளாட் கட்டுபவரைவிட, சுண்ணாம்புச் சுவரிலும் மரவேலையிலும் பழகியவரைத் தேடிப் பிடியுங்கள். இப்போதுள்ள நிலையைத் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வரிசையாகப் படமெடுத்து இணையுங்கள். எதை அப்படியே வைக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் காட்டினால், எதை மாற்றக் கேட்கிறீர்கள் என்பதும் எளிதில் புரியும். நவீன அடுக்களை, குளியலறையையெல்லாம் கொல்லைப்பக்கம் திட்டமிடுங்கள், தெருவிலிருந்து அது தெரியாது.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம்.

வெள்ளையடிப்பு, சின்னப் பூச்சுவேலைக்கெல்லாம் சாதாரணமாக அனுமதி தேவையில்லை. ஆனால் முகப்பில் செய்வதாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே செய்யுங்கள். அப்புறம், சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரையே அரித்துவிடும்.

ஒப்புதல் வரத் தாமதமாகும் என்ற மனக்குறை கல்பாத்திக்காரர்களுக்கு நெடுநாளாக உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாடகை வீட்டைக் காலி செய்யுங்கள். ஓடு பிரிக்கும் வேலை ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். நவம்பர் நடுவில் தேர் வரும். அந்த நாட்களில் மணல் லாரி தெருவுக்குள் நுழைய முடியாது, அதற்கு முன்பே சரக்கை இறக்கிக்கொள்ளுங்கள்.