சப்ளை போட்டுல இருந்து பெரிய கப்பலுக்கு மாறணும்னா முதல்ல சீ சர்வீஸ் லெட்டர சரி பண்ணுங்க

கொல்லங்கோடு, நீரோடி, வள்ளவிளை, இந்தப் பக்கம் பொழியூர் பூவார் வரைக்கும் நம்ம பசங்க நிறைய பேரு பாம்பே ஹை எண்ணெய் வயல்லயும் வளைகுடாலயும் சப்ளை போட்டுல, அதாவது கடல்ல எண்ணெய் எடுக்குற இடத்துக்கு சாமான் கொண்டு போற கப்பல்ல, ஓடுறாங்க. 2024 ஜூலைல விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் கண்டெய்னர் கப்பல் வந்ததுல இருந்து ஊருக்கு லீவுல வந்தா எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், அண்ணே நானும் டீப் சீ (நாடு விட்டு நாடு ஓடுற பெரிய கப்பல்) போகலாமா, இத்தனை வருஷம் ஓஎஸ்வில (சப்ளை போட்டு மாதிரி எண்ணெய் வயல் கப்பல்ல) ஓடினது செல்லுமான்னு. போகலாம் மக்களே, செல்லும். ஆனா நீங்க கடல்ல எத்தனை வருஷம் நின்னீங்கன்னு யாரும் பாக்க மாட்டாங்க, அந்த வருஷம் பேப்பர்ல எப்படி எழுதியிருக்குன்னுதான் பாப்பாங்க. நான் 6 வருஷம் ஏஎச்டிஎஸ்ல (ரிக்குக்கு ஆங்கர் போட்டு இழுக்குற சப்ளை போட்டு) ஏபியா, அதாவது அனுபவமுள்ள டெக் மாலுமியா, ஓடிட்டு நிலக்கரி, தாது மாதிரி சரக்க அப்படியே கொட்டி ஏத்துற பல்க் கேரியருக்கு மாறினவன், இப்ப போசனா (டெக் மாலுமிகளுக்குத் தலைவனா) இருக்கேன், அதுல பட்டது எல்லாம் சொல்றேன்.

எனக்கு நடந்தத முதல்ல சொல்லிடுறேன். பழைய கம்பெனில இருந்து இறங்கும்போது கடல்ல வேலை பாத்ததுக்கு ஆதாரமா ஒரு சீ சர்வீஸ் லெட்டர் குடுத்தாங்க, பேரு, கப்பல் பேரு, ஏறின தேதி, இறங்கின தேதி, அவ்வளவுதான். நானும் சந்தோஷமா மடிச்சு பையில வச்சுட்டு ட்ரெயின் ஏறிட்டேன். புது கம்பெனில கேக்குறாங்க, கப்பலோட கிராஸ் டன்னேஜ் (கப்பலோட மொத்த கொள்ளளவு கணக்கு) எவ்வளவு, இன்ஜின் எத்தனை கிலோவாட், எந்த ஏரியால ஓடிச்சு, வாட்ச் (பிரிட்ஜ்ல முறை போட்டு காவல்) நின்னியா இல்ல டெக் வேலை மட்டுமான்னு. லெட்டர்ல ஒண்ணும் இல்ல. போன் பண்ணினா அந்த கப்பலயே வித்துட்டாங்களாம், ஆபீஸ்ல இருந்த ஆளும் மாறிட்டாரு. திருத்தின லெட்டர் கைக்கு வர 5 மாசம் ஆச்சு, அந்த 5 மாசமும் வீட்டுல இருந்தேன், மனைவியோட செயின் அடகுக்குப் போச்சு. அதனாலதான் இத முதல்ல சொல்றேன்.

இறங்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாஸ்டர் (கேப்டன்) கிட்ட போயி கேளுங்க. லெட்டர்ல ஐஎம்ஓ நம்பர் (கப்பலோட அடையாள எண்), கப்பல் என்ன டைப், கிராஸ் டன்னேஜ், மெயின் இன்ஜின் கிலோவாட், ஓடின ஏரியா, நீங்க என்ன ரேங்க்ல என்ன வேலை பாத்தீங்க, நேவிகேஷனல் வாட்ச் நின்னிருந்தா அது எத்தனை மாசம், எல்லாம் வரணும். கீழ மாஸ்டர் கையெழுத்தும் கப்பல் சீலும். தேதி சிடிசில (மாலுமி புத்தகத்துல) இருக்குற தேதியோட ஒரு நாள் கூட மாறக்கூடாது. கப்பல விட்டு இறங்கின பிறகு இத வாங்குறது கல்லுல நார் உரிக்கிற வேலை.

டன்னேஜ் ஏன் கேக்குறாங்கன்னா, மாலுமிங்க பயிற்சி, தகுதிக்கான எஸ்டிசிடபிள்யூங்கிற உலக ஒப்பந்தத்துல டெக் ரேட்டிங் (ஆபீசர் இல்லாத மாலுமி) வாட்ச்கீப்பிங் சர்டிபிகேட்டும் ஏபி சர்டிபிகேட்டும் 500 கிராஸ் டன்னும் அதுக்கு மேலயும் உள்ள கப்பலுக்குத்தான். ஏபி ஆகணும்னா வாட்ச்கீப்பிங் தகுதி வந்த பிறகு 18 மாசம் சர்வீஸ், அங்கீகாரம் உள்ள ட்ரெயினிங் முடிச்சிருந்தா 12 மாசம். சின்ன க்ரூ போட்டு, டக் போட்டுன்னு ஓடினவங்க இந்த 500ங்கிற நம்பர முதல்ல பாத்துக்கணும். ஆபீசர்ஸ்க்கு இன்னும் கோடு இருக்கு, சீப் மேட் மாஸ்டர் லெவல்ல 3000 டன்னுக்கு கீழ ஒரு சர்டிபிகேட் மேல ஒரு சர்டிபிகேட், இன்ஜின்ல 750 கிலோவாட், 3000 கிலோவாட்னு கோடு. சப்ளை போட்டு நிறைய 3000 டன்னுக்கு கீழதான், அதனால அங்க கேப்டனா இருந்தவரு கூட பெரிய கப்பல்ல ஒண்ணு ரெண்டு ரேங்க் இறங்கி ஏற வேண்டி வரும், அது அவமானம் கிடையாது, எத்தனையோ பேரு அப்படித்தான் வந்திருக்காங்க. என்சிவி சிஓசி (கரையோர ஓட்டத்துக்கான ஆபீசர் தகுதி சர்டிபிகேட்) வச்சிருக்குறவங்க தெளிவா கேட்டுக்கோங்க, அது கரையோர ஓட்டத்துக்கு உள்ளது, அத வச்சு பாரின் கோயிங் கப்பல்ல வாட்ச் நிக்க முடியாது. எப்ஜி (பாரின் கோயிங்) பக்கம் போக என்ன சர்வீஸ் என்ன பரீட்சைன்னு மத்திய அரசோட டிஜி ஷிப்பிங் ஆர்டர பாத்து, சென்னை இல்லாட்டி கொச்சில அவங்களோட எம்எம்டி ஆபீஸ்ல நேர்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, வாட்ஸ்அப்ல யாரோ சொன்னத நம்பி வேலைய விட்டுடாதீங்க.

நம்ம தமிழ்நாடு கேரளா எல்லைப் பக்கத்துக்குன்னே ஒரு தொல்லை இருக்கு, பேரு. ஸ்கூல் சர்டிபிகேட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, ஆதார்ல மலையாளத்துல இருந்து எழுதின வேற ஸ்பெல்லிங், அட்ரஸ் ஒண்ணு பாறசாலை ஒண்ணு கொல்லங்கோடு. பாஸ்போர்ட், சிடிசி, இன்டோஸ் (மாலுமி பதிவு எண்), கோர்ஸ் சர்டிபிகேட் எல்லாத்துலயும் ஒரே பேரு ஒரே பிறந்த தேதி வரணும். லீவுல இருக்கும்போதே உக்காந்து திருத்துங்க. தீயணைப்பு, பிஎஸ்டி (கடல்ல உயிர் பிழைக்குற பயிற்சி) கோர்ஸ் ரெப்ரெஷர் 5 வருஷத்துக்கு ஒரு தடவை, மெடிக்கல் 2 வருஷம், இதுல எது எப்ப முடியுதுன்னு ஒரு தாள்ல எழுதி அலமாரி கதவுல ஒட்டி வைங்க.

ஏஜென்ட் விஷயம். ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் (மாலுமிய வேலைக்கு எடுக்க அரசு குடுக்குற அனுமதி) இருக்குற கம்பெனி வழியா மட்டும் போங்க, லைசென்ஸ் நம்பர டிஜி ஷிப்பிங் சைட்ல போட்டா தெரிஞ்சுடும். மார்த்தாண்டத்துலயும் களியக்காவிளைலயும் ஒரு ரூம் எடுத்து கப்பல் படம் ஒட்டி வச்சுட்டு லட்சக்கணக்குல கேக்குறவங்க வருவாங்க. வேலை போட்டுத் தர்றதுக்கு மாலுமி கிட்ட காசு வாங்கவே கூடாதுன்னு எம்எல்சிங்கிற உலக மாலுமி உரிமை ஒப்பந்தம் சொல்லுது, இந்தியா 2015ல அதுல சேந்தாச்சு. காசு கேட்டாலே எந்திரிச்சு வந்துடுங்க, அவன் ஒங்க பங்காளியா இருந்தாலும் சரி.

சரி ஏறியாச்சுன்னு வைங்க. முதல் அடி ஸ்டியரிங்ல விழும். சப்ளை போட்டுல மாஸ்டரும் மேட்டும் ஜாய்ஸ்டிக்க பிடிச்சு அவங்களே ஓட்டுவாங்க, நம்ம கைக்கு வீல் வர்றதே அபூர்வம். இங்க துறைமுகத்துக்கு வழி காட்டுற பைலட் ஏறினதும் வீல்ல நிக்கிறது நீங்கதான். பைலட் ஸ்டார்போர்ட் டென்னு (வலப்பக்கம் பத்து டிகிரி) சொல்வாரு, நீங்க அத சத்தமா திருப்பிச் சொல்லி, வீல போட்டு, ரடர் (சுக்கான்) இன்டிகேட்டர் பத்துல நின்ன பிறகு இன்னொரு தடவை சொல்லணும். கப்பல் உடனே திரும்பாது. மூக்கு அப்படியே நிக்கும், ரெண்டு மூச்சு விட்ட பிறகுதான் மெல்ல நகர ஆரம்பிக்கும், நகர ஆரம்பிச்சா நிக்காது. எனக்கு முதல் தடவை ஸ்டெடின்னு (திரும்புறத நிறுத்தி நேரா பிடின்னு) சொன்னப்ப கோர்ஸ தாண்டி 6 டிகிரி போயிடுச்சு, கை வியர்த்து வீலே வழுக்கிச்சு. கோர்ஸ் வர்றதுக்கு முன்னாடியே எதிர்ப்பக்கம் கொஞ்சம் ரடர் குடுத்து அத பிடிக்கணும், நம்ம அப்பாமாரு வள்ளத்த கரைக்கு ஏத்தும்போது அலைக்கு முன்னாடியே துடுப்ப சாய்ப்பாங்கல்ல, அது மாதிரி. நடுக்கடல்ல ட்ராபிக் இல்லாத நேரம் செகண்ட் மேட் கிட்ட கேட்டு தினம் அரை மணி நேரம் ஹேண்ட் ஸ்டியரிங் பழகுங்க. எனக்குப் பழக்கம் இல்ல, பழகணும்னு கேட்டா யாரும் முறைக்க மாட்டாங்க, தெரியும்னு சொல்லிட்டு சேனல்ல முழிச்சாத்தான் பிரச்சனை.

ரெண்டாவது, மூடின இடம். சப்ளை போட்டு டேங்க் க்ளீனிங் பண்ணினவனுக்கு இது தெரியும்னு நினைப்பு வரும், எனக்கும் வந்துச்சு. பல்க் கேரியர்ல நிலக்கரி, மரத்தடி, இரும்பு ஸ்க்ராப் எல்லாம் சும்மா கிடந்தே ஆக்ஸிஜன தின்னும், ஹோல்டுல (சரக்கு அறைல) மட்டும் இல்ல பக்கத்துல இறங்குற ஏணி வழிலயும் காத்து இருக்காது. வாசனை வராது, மூச்சு முட்டாது, ஆளு அப்படியே விழுந்துடுவான், அவன தூக்க ஓடுறவனும் விழுவான். மீட்டர்ல ஆக்ஸிஜன் 21 சதவீதம் காட்டாம, பெர்மிட் இல்லாம கால் வைக்காதீங்க, போசன் திட்டினாலும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இதுக்கு ட்ரில் இருக்கும், அத போட்டோவுக்கு நின்னுட்டு வராதீங்க.

மத்தது எல்லாம் கை பழகிடும். பைலட் ஏற கயித்து ஏணி (பைலட் லேடர்) கட்டுறது, தண்ணில இருந்து 9 மீட்டருக்கு மேல உயரம்னா கப்பலோட பக்கவாட்டு படி, அதாவது அக்காமடேஷன் லேடரோட சேத்து காம்பினேஷன் போடணும், நம்ம போட்டுல அந்த உயரமே கிடையாது. கண்டெய்னர்னா அத கட்டிப் பூட்டுற லேஷிங் ராடு, ட்விஸ்ட் லாக், டர்ன்பக்கிள். ஆங்கர் ஹாண்ட்லிங்ல ஒர்க் வயரும் அத பிடிக்கிற ஷார்க் ஜாவும் பாத்தவனுக்கு மூரிங் (கப்பல கட்டுறது) பெரிய விஷயம் இல்ல, ஸ்னாப் பேக் (அறுந்த கயிறு திருப்பி அடிக்கிறது) பயம் அவன் ரத்தத்துலயே இருக்கும், இதுல நம்ம ஆளுங்கதான் கெட்டி, இன்டர்வியூல இத தைரியமா சொல்லுங்க.

இன்ஜின் பசங்களுக்கு ஒரு வார்த்தை. போட்டுல கேஸ் ஆயில் (டீசல் மாதிரி எண்ணெய்), போர் ஸ்ட்ரோக் இன்ஜின். இங்க மூணு மாடி உயரத்துல டூ ஸ்ட்ரோக், ப்யூயல சூடாக்கி ப்யூரிபையர்ல (அழுக்கு பிரிக்கிற மெஷின்) விட்டு விஸ்காசிட்டி (எண்ணெயோட கெட்டி) பாத்துத்தான் உள்ள விடணும், 2020 ஜனவரில 0.5 சதவீத சல்பர் லிமிட் வந்ததுல இருந்து ப்யூயல் மாத்துற வேலையும் கூடிப்போச்சு. ஏறுறதுக்கு முன்னாடி ப்யூரிபையரும் ஸ்கேவெஞ்ச் ஸ்பேஸ் (இன்ஜினுக்கு காத்து போற அறை) க்ளீனிங்கும் என்னன்னு நல்லா படிச்சுட்டு போங்க.

டிபி (கம்ப்யூட்டர் வச்சு கப்பல ஒரே இடத்துல நிறுத்துறது) சர்டிபிகேட் உள்ள ஆபீசர்ஸ் அத சாக விடாதீங்க. 2014 நடுவுல 110 டாலர் தாண்டி நின்ன எண்ணெய் விலை 2016 ஜனவரில 30க்கு கீழ விழுந்தப்ப எத்தனை சப்ளை போட்டு கட்டிப்போட்டாங்கன்னு பாத்தவங்க நாம, அதே மாதிரி நாளைக்கு பெரிய கப்பல் பக்கம் இறங்கி சப்ளை போட்டு பக்கம் ஏறலாம்.

அப்புறம் வீட்டுல பேசுங்க. அங்க சில மாசத்துல ஊருக்கு வந்துடுவீங்க, இங்க ரேட்டிங்னா 9 மாசம் வரைக்கும் போகும். வாட்ச் மட்டும் நிம்மதி, ஆறு மணி நேரம் வேலை ஆறு மணி நேரம் தூக்கம்னு கிடந்தவனுக்கு நாலு மணி வாட்சும் எட்டு மணி ஓய்வும் கிடைக்கும்போது உடம்பு தேறும், துறைமுகத்துல அது கலையும்தான், ஆனா 24 மணி நேரத்துல 10 மணி நேரம் ஓய்வு உங்க உரிமை, ரெஸ்ட் ஹவர் ஷீட்ல பொய்யா எழுதச் சொன்னா கையெழுத்து போடாதீங்க. ஏறுறதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட் காப்பி ஒண்ணு, சீ சர்வீஸ் லெட்டர் எல்லாம் ஸ்கேன் ஒண்ணு, கம்பெனி நம்பர், ஆர்பிஎஸ்எல் நம்பர் எழுதின தாள் ஒண்ணு, ஒரு பைல்ல போட்டு மனைவி கையிலயோ அம்மா கையிலயோ குடுத்துட்டு, எந்த தாள் எதுக்குன்னு ஒரு தடவை சொல்லிக் காட்டிட்டு கிளம்புங்க.