புலிமனிதனுக்குக் கால்சட்டை: வால், குதிகால், நகம்

சித்திரக்கதைகளிலும் கேம்களிலும் வரும் விலங்குமனிதர்களுக்குக் கால்சட்டையின் பின்னால் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு வாலை வெளியே விட்டுவிடுவார்கள். அதை அவர் காலையில் எப்படி மாட்டினார்? வால்மயிர் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். ஓட்டைக்குள் வாலை நுழைத்துத் துணியை அடிவரை ஏற்றினால் அத்தனை மயிரும் எதிர்த்துச் சிலிர்த்து, உள்ளேயே மடங்கி நாளெல்லாம் உறுத்தும். தன் உடையைத் தானே போட்டுக் கழற்ற முடிகிறதா என்பதிலிருந்துதான் வடிவமைப்பைத் தொடங்க வேண்டும்.

சிதம்பரம் தலபுராணத்தில் வரும் வியாக்கிரபாதர், பூசைக்கு வண்டு தீண்டாத பூப்பறிக்க மரமேறத்தான் புலியின் கை கால்களை வேண்டிப் பெற்றார். நம் ஆளும் மரமேறுகிறவர், கூடவே வாலும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு 80 செ.மீ., மயிரோடு சேர்த்து வாலடிச் சுற்றளவு 20 செ.மீ.

இடுப்பிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தை நின்றபடி ஒருமுறை, குந்தியபடி ஒருமுறை அளந்து, பெரியதையே எடுங்கள். நின்ற அளவில் வெட்டினால் உட்காரும்போது துணி கீழே இழுபட்டு, திறப்பின் விளிம்பு வாலை அழுத்தும்.

வால் வரும் திறப்பைப் பின்பக்க நடுத்தையலிலேயே வையுங்கள். வாலின் 20-உடன் 4 செ.மீ. தளர்வு சேர்த்தால் 24. உயரம் 8.5, அகலம் 7 செ.மீ. உள்ள முட்டை வடிவம் இதற்குச் சரியாக வரும். இரண்டு பின்துண்டிலும் 3.5 செ.மீ. ஆழத்துக்குப் பாதி முட்டையை வெட்டுங்கள். ஆழத்தைத் தையல்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். துணி ஓரத்திலிருந்து அளந்தால் தைத்தபின் ஓட்டை சுருங்கிவிடும். முட்டைக்குக் கீழே வழக்கம்போலத் தைத்து, மேலே இடுப்புப் பட்டிவரை திறந்தே விடுங்கள்.

திறந்த இடத்தில் வலது பக்கத்துக்கு அடியில் போகும்படி, இடது பக்கத்துக்கு 4 செ.மீ. அகல உள்மடிப்பு ஒன்று சேருங்கள். பட்டியின் இரு முனையிலும் 70 செ.மீ. நாடா வேண்டும்: இடுப்பில் பாதி 40, முடிச்சுக்கு 30. இடது நாடா, வலப்பட்டியில் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளிப் போட்ட காஜாவுக்குள் (பொத்தான் துளை) புகுந்து வெளியே வரும். இரண்டையும் முன்னால் கொண்டுவந்து தொப்புளுக்கு நேரே கட்டலாம். வாலை எங்கும் நுழைக்க வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவவும் வேண்டாம். வெல்குரோ மயிரைப் பிடுங்கும், ஜிப்பின் பல்லில் மயிர் சிக்கும். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் கிழிவது முட்டையின் அடிமுனை. வால் தொங்கும் பாரமும், ஆட்டும்போது வரும் இழுப்பும் அங்கேதான் விழுகின்றன. விளிம்பு முழுவதும் 3 செ.மீ. கிராஸ் பட்டி (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) வைத்து மூடுங்கள். நேர்ப்பட்டி வளைவில் படியாமல் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் தோலை அறுக்கும். அடிமுனையில் மட்டும் உள்பக்கமாக ஒரு சிறு துண்டுத் துணி வைத்து இரட்டைத் தையல் போடுங்கள்.

கால்களைப் பொறுத்தவரை, புலிக்காலில் பின்னோக்கி மடங்கும் இடத்தை முழங்கால் என்று பலர் வரைகிறார்கள். அது குதிகால்; முழங்கால் அதற்கு மேலே, தொடை முடியும் இடத்தில் முன்னோக்கியே மடங்குகிறது. நீண்ட குழாய்க் கால்சட்டை குதிகால் வளைவில் மூட்டையாகச் சேர்ந்து, கிளையில் மாட்டும். குதிகாலுக்கு 5 செ.மீ. மேலேயே காலை முடித்துவிடுவது நல்லது. தொடைப் பகுதிக்கு வழுவழுப்பான லைனிங் கொடுத்தால் ஏற்றும்போது மயிர் அவ்வளவாகக் கலையாது.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணி எடுங்கள். பின்னலாடையிலும் டவல் துணியிலும் நகம் மாட்டி நூல் உருவிக்கொண்டு வரும். பூனை இனத்துக்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்திண்டில்தான், மற்றபடி இரைத்தும் மயிரை நக்கி ஈரமாக்கியும் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளும். உங்கள் பாத்திரமும் அப்படியென்றால் இறுக்கமான காலர் வேண்டாம், உள்ளங்காலை மூடும் செருப்பும் வேண்டாம். பையைப் பின்னிடுப்பில் தொங்கவிட்டால் வால் தட்டிக்கொண்டே இருக்கும், தோளிலிருந்து குறுக்கே மாட்டி முன்பக்கம் வையுங்கள்.

நல்ல துணியில் கை வைக்குமுன் காடாத்துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். நீளக் காலுறையில் பஞ்சை அடைத்து, கால்சட்டை போடப்போகிறவரின் இடுப்பில் வாலாகக் கட்டிவிட்டு, அவரையே உடுத்தச் சொல்லுங்கள். பிறகு குந்தி, ஏணியில் ஏறி, கழிவறைக்குப் போவதுபோல அவிழ்த்துக் கட்டட்டும். எங்கே துணி இழுக்கிறதோ அங்கே சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, காகித வெட்டில் அரை செ.மீ. வீதம் கூட்டுங்கள்.