சீட்டில் பெயர் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை: அதிகம் அறியப்படாத வேட்பாளர்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு 39 பேர் வேட்புமனு கொடுத்திருந்தார்கள். ஒருவர் இடையில் காலமானதால் களத்தில் நின்றது 38 பேர். அதில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது? பெரும்பாலானவர்களுக்கு நான்கு அல்லது ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. மீதி முப்பது பேருக்கு மேல் என்ன சொன்னார்கள், எதற்காக நின்றார்கள் என்று நம்மில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் பெரிதாக இருக்கவில்லை.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு பெரியம்மா பத்திரிகையில் வந்திருந்த வேட்பாளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, இதில ஆர் எவரெண்டு ஒண்டும் விளங்கேல்லை. பேர் தெரியாத ஆக்களுக்குப் போட்டால் வாக்கு வீணாப் போகுமாமே, உண்மையே?" அவர் கேட்ட இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பொறுப்பு பெரும்பாலும் ஊடகங்களுடையது. இரண்டாவதற்கு நாம் எல்லோருமே பொறுப்பு, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"வெல்ல முடியாதவருக்குப் போட்டால் வாக்கு வீண்" என்பது இந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தலைப் பொறுத்தவரை தவறு. ஒரு தொகுதியில் யார் கூட எடுக்கிறாரோ அவரே வெற்றி என்ற முறை இது இல்லை. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தால்தான் ஜனாதிபதி. அப்படி யாரும் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். ஆனால் அவர்களுக்கு விழுந்த சீட்டுகளைத் தூக்கிப் போட மாட்டார்கள். அந்தச் சீட்டில் 2 என்று யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள், அது முதல் இருவரில் ஒருவராக இருந்தால் அவர் கணக்கில் சேரும், இல்லையென்றால் 3 என்று போட்ட இடத்தைப் பார்ப்பார்கள். அதாவது மனதுக்குப் பிடித்த சின்ன வேட்பாளருக்கு 1 போட்டுவிட்டு, பெரிய இருவரில் யார் பரவாயில்லை என்று நினைக்கிறோமோ அவருக்கு 2 அல்லது 3 போட்டால், முதல் விருப்பத்தையும் சொல்லியாயிற்று, கடைசி முடிவிலும் பங்கெடுத்தாயிற்று.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால் இந்த விருப்பு வாக்கு என்ற ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. 2024இல்தான் முதல் முறையாக அது தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகள், 42.31 சதவீதம். சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகள், 32.76 சதவீதம். இருவருமே பாதியைத் தொடவில்லை. மற்றவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல்.

இப்போது இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்த 33 இலட்சம் சீட்டுகளிலிருந்து இரண்டாம், மூன்றாம் விருப்பாக அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. இரண்டும் சேர்த்து 273,131. மீதி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் இந்த இருவரில் எவருக்கும் விருப்பு போடப்பட்டிருக்கவில்லை. முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 12 இலட்சத்து 72 ஆயிரம். கையில் இருந்தும் பயன்படாமல் போன விருப்பு வாக்குகள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, வேண்டுமென்றே இருவரையும் தவிர்த்தவர்களும் அதில் இருப்பார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனால் 2 போடலாம் என்றே தெரியாமல் ஒற்றைக் குறியோடு வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது உண்மையிலேயே மனம் பதறுகிறது. வாரக்கணக்கில் "மும்முனைப் போட்டி" என்று கத்திய ஊடகங்கள், மும்முனைப் போட்டி என்றால் விருப்பு வாக்கு முக்கியமாகும் என்பதையும் அதே சத்தத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் சீட்டில் குறிக்கும் விதம். தனியாக ஒருவருக்கு மட்டும் என்றால் ஒரு புள்ளடியோ (X) 1 என்ற இலக்கமோ போதும். விருப்பு வாக்கும் போடுவதென்றால் 1, 2, 3 என்று இலக்கத்தில் மட்டும் எழுதுங்கள், புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம். 1 இல்லாமல் 2 மட்டும் போட்டால் அது வாக்கே இல்லை. 2024இல் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. ஐந்தாம் இடத்துக்கு வந்தவர் பெற்ற மொத்த வாக்கைவிட இது அதிகம்.

அந்த ஐந்தாம் இடத்துக்கு வந்தவர் பா. அரியநேத்திரன். முன்னாள் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர், தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றவர். அடுத்த தவறை விளங்கப்படுத்த இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நாடு முழுவதும் அவர் எடுத்தது 226,343 வாக்குகள், 1.70 சதவீதம். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் "சரி, கணக்கில் வராத ஆள்" என்று தாண்டிப் போய்விடலாம், தொலைக்காட்சி வரைபடங்களில் பல நேரம் அவர் "ஏனையோர்" என்ற சாம்பல் பட்டைக்குள்தான் இருந்தார். யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்ட முடிவைப் பாருங்கள்: சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688. நாலாயிரத்து ஐந்நூறு வாக்கு வித்தியாசத்தில் இரண்டாம் இடம், அந்த மாவட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அங்கே ரணில் விக்கிரமசிங்கவும் அநுரவும் அவருக்குப் பின்னால்தான்.

அவருக்குப் போட வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம், தமிழ்க் கட்சிகளுக்குள்ளேயே அதில் ஒற்றுமை இல்லை, அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியே சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தது. நான் சொல்ல வருவது, தேசிய சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு வேட்பாளரை "சின்ன ஆள்" என்று எடை போடுவது தவறு என்பதைத்தான். 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலும் இதே கதைதான்: குமார் பொன்னம்பலம் நாடு முழுவதும் எடுத்தது 2.67 சதவீதம், யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம். ஒரு பகுதி மக்கள் தங்கள் மனதில் உள்ளதைச் சொல்ல ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை நாட்டுச் சராசரிக்குள் போட்டுக் கரைத்தால் அந்தச் செய்தியே காணாமல் போகிறது. செய்தி எழுதுபவர்கள் மாவட்ட வாரியாகப் பார்க்காமல் வரைபடம் போடக்கூடாது.

காலமும் ஏமாற்றும். 2019 தேர்தலில் 35 பேர் நின்றார்கள், அதில் 418,553 வாக்குகளோடு 3.16 சதவீதம் எடுத்த அநுரவை "மூன்று சதவீதம்" என்று கேலி பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐந்து வருடம் கழித்து அவர்தான் ஜனாதிபதி. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் பழைய பெயர்களில் நம்பிக்கை இழந்தார்கள். அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே "மூன்று சதவீதக் கட்சி" என்ற பழைய சட்டகத்தைக் கழற்ற மறுத்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. எல்லாச் சின்ன வேட்பாளரும் நாளை ஜனாதிபதி ஆவார் என்று இதற்கு அர்த்தமில்லை. கடந்த தேர்தல் முடிவு இந்தத் தேர்தலில் ஒருவருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதற்கு ஒரே அளவுகோலாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, நல்ல மனதுள்ளவர்கள் அடிக்கடி செய்வது: பெயர் தெரியாதவர் என்றாலே நேர்மையானவர், ஊடகம் மறைக்கிறது என்றாலே உண்மை பேசுபவர் என்று நம்பிவிடுவது. இங்கே டம்மி வேட்பாளர்கள் என்ற பிரச்சினை உண்மையாகவே உண்டு. வேட்பாளராக நிற்கக் கட்ட வேண்டிய கட்டுப்பணம் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய், 2024இலும் அதே தொகைதான். எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காவிட்டால் அது திரும்பி வராது, ஆனால் இன்றைய விலைவாசியில் ஒரு பெரிய கட்சிக்கு அது ஒரு காசே இல்லை. பதிலுக்குக் கிடைப்பது அரச வானொலி, தொலைக்காட்சியில் இலவச நேரம், வாக்குச்சாவடியிலும் எண்ணும் நிலையத்திலும் முகவர்களை நியமிக்கும் உரிமை. இதை இன்னொருவருக்காகப் பயன்படுத்தத்தான் சிலர் நிறுத்தப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது.

ஆகவே யார் உண்மையாக நிற்கிறார், யார் இன்னொருவருக்காக நிற்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அது கஷ்டமும் இல்லை. அவருக்குக் கிடைத்த இலவச நேரத்தில் தனக்கு வாக்குக் கேட்கிறாரா, அல்லது முழு நேரமும் ஒரு பெரிய வேட்பாளரைத் திட்டுவதிலேயே கழிக்கிறாரா? சொந்தமாக ஒரு விஞ்ஞாபனம் இருக்கிறதா? வேட்புமனுவுக்கு முன்பு அவர் எங்கே, யாரோடு இருந்தார்? இந்த மூன்றையும் தேடிப் பார்க்க அரை மணி நேரம் போதும். பத்திரிகையாளர்கள் இதைச் செய்து 38 பேருக்கும் ஆளுக்கொரு பந்தி எழுதியிருந்தால் பெரியம்மாவுக்கு என்னைக் கேட்க வேண்டி வந்திருக்காது.

பெயரையும் சின்னத்தையும் பார்த்து முடிவெடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 தேர்தலில் மைத்திரிபால சிறிசேன, மகிந்த ராஜபக்ஷ இருவருக்கும் அடுத்து மூன்றாம் இடத்தில் வந்தவர் யார் தெரியுமா? சிறிசேன என்ற பெயரில் நின்ற இன்னொருவர், 18,174 வாக்குகள். அவரை உண்மையிலேயே தெரிந்து போட்டவர்கள் எத்தனை பேர், பெயரைப் பார்த்து மாறிப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 19 பேர் நின்ற ஒரு தேர்தலில், அறியப்படாத ஒருவர் மூன்றாம் இடத்துக்கு வர ஒரு பெயர் ஒற்றுமை உதவியிருக்கலாம் என்பதே வேட்பாளர்களைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகச் சொல்லப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முழுப்பெயர், சின்னம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். 2024இல் சீட்டின் நீளமே 27 அங்குலம், அதில் கண் தடுமாறுவது மிகச் சுலபம்.

ஊடகங்கள் செய்யும் தவறுகளில் என்னை அதிகம் கோபப்படுத்துவது அறியப்படாத வேட்பாளர்களைக் கேலிப் பொருளாக மட்டும் காட்டுவது. ஒருவர் விசித்திரமாக ஏதாவது பேசினால் அந்த முப்பது விநாடித் துண்டு எல்லா இடமும் ஓடும், வட்ஸ்அப்பில் நாமும் சிரித்துக்கொண்டே அனுப்புவோம். அதே ஆள் மீனவர் பிரச்சினை பற்றியோ காணி பற்றியோ ஒழுங்காகப் பேசியது எங்கும் வராது. தேர்தல் காலத்தில் ஊடகங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிடும் அதிகாரத்தை அரசியலமைப்பே தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது, அரச ஒலிபரப்பும் தொலைக்காட்சியும் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். எல்லோருக்கும் நிமிடக் கணக்கில் சம நேரம் கொடுக்கத் தனியார் அலைவரிசைகளால் முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரே மூன்று பேரின் கூட்டத்தை ஒரு நாளில் ஆறு தடவை காட்ட நேரம் இருக்கும்போது, மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

பணமும் இதில் இருக்கிறது. 2023இன் தேர்தல் செலவுச் சட்டப்படி 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்தார்கள், அது ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. 75,000 ரூபாய் கட்டிய ஒரு சுயேச்சையால் அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். ஆகவே "நல்ல ஆளென்றால் தெரிந்திருக்குமே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நேரம் விளம்பரத்துக்குக் காசு இருந்தவர்தான் தெரிந்திருக்கிறார்.

ஒருவருக்கு எவ்வளவு ஆதரவு என்று அறிய முகநூலில் நடக்கும் கருத்துக்கணிப்புகளைப் பகிர்வதும் வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் அழுத்திய பொத்தான்களின் எண்ணிக்கைதான் அது, சின்ன வேட்பாளரை அது ஒரு நாள் வானளவு உயர்த்தும், மறுநாள் ஒன்றுமில்லாமல் காட்டும்.

பெரியம்மாவுக்கு அன்று ஒரு கொப்பித் தாளில் பெயர்களை எழுதி, யார் யார் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லிக் கொடுத்தேன். பாதிப் பேரைப் பற்றி எனக்கே தேட வேண்டியிருந்தது. யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வாக்களித்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் சொன்னார்: "ஒண்டும் போட்டன், ரெண்டும் போட்டன். மூண்டாவதுக்கு ஒருத்தரையும் பிடிக்கேல்லை, விட்டிட்டன்."