அரசியலைக் கழற்றினால் கதை நிற்கிறதா? அரசியல் க்ரைம் திரைக்கதையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை சீசன் முடிந்ததும் கோத்தகிரியில் அறை வாடகை இறங்கிவிடும். அப்போதுதான் சென்னையிலிருந்து கதை டிஸ்கஷனுக்கு ஆட்கள் வருவார்கள். ஒரு இயக்குநர், நாலைந்து உதவியாளர்கள், பத்து நாள் குளிர். அவர்களில் சிலர் பழக்கமாகி, இப்போதெல்லாம் பவுண்ட் ஸ்கிரிப்டையே, அதாவது முழுசாக எழுதி பைண்ட் செய்த திரைக்கதையையே, கையில் கொடுத்து, "அண்ணா, படிச்சிட்டு பலம் பலவீனம் சொல்லுங்க" என்கிறார்கள். நான் சினிமாக்காரன் இல்லை. ஒரு நாளிதழுக்கு மாவட்டச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன். போலீஸ் ஸ்டேஷன், கட்சி ஆபீஸ், கோர்ட் வாசல் மூன்றும் பழக்கம் என்பதால் அரசியல் க்ரைம் கதையென்றால் என்னிடம் வந்துவிடுகிறது. கீழே இருப்பவற்றில் பாதி நானே செய்த தவறுகள்.

முதலாவது, நேரேஷன் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வது. நன்றாகக் கதை சொல்லும் இயக்குநர் பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுவிடுவார். எதிரில் இருப்பவருக்கு மயிர்க்கூச்செறியும். பேப்பரைத் திறந்தால் அந்த இடத்தில் "பதற்றம் கூடுகிறது" என்று ஒரே ஒரு வரி இருக்கும். எது பதற்றத்தைக் கூட்டுகிறது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதனால் பேப்பரைப் படிக்காமல் வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அடுத்தது ட்விஸ்ட் எண்ணுவது. எத்தனை திருப்பம், இன்டர்வெல் பிளாக் எப்படி, கொலைகாரன் யார் என்று ஊகிக்க முடிந்ததா என்பதை மட்டும் பார்த்தால் அது க்ரைம் கதைக்கான மார்க். அரசியல் க்ரைமுக்கு வேறொரு சோதனை வேண்டும். கதையில் வரும் எம்.எல்.ஏ.வை எடுத்துவிட்டு அங்கே ஒரு கந்துவட்டிக்காரரை வைத்துப் படித்துப் பாருங்கள். கதை அப்படியே ஓடுகிறதா? அப்படியானால் அதிலிருக்கும் அரசியல் வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும்தான். பதவியில் இருப்பவரால் மட்டுமே செய்ய முடிந்த ஒரு காரியம், அந்தப் பதவிக்காகவே நடக்க வேண்டியிருந்த ஒரு குற்றம், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இது எனக்குப் புரிந்தது நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு ஸ்கிரிப்டில். பெரிய எஸ்டேட் முதலாளி ஒருவர். பரம்பரைச் செல்வாக்கு, பங்களா, குதிரை எல்லாம் உண்டு. நிலத் தகராறில் ஒரு சர்வேயர் கொல்லப்படுகிறார். இடைவேளையில் முதலாளி கூடலூர் எம்.எல்.ஏ. ஆகிறார். முதல் வாசிப்பில் "வில்லன் வலுவாக இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இதைவிட உதவாத கருத்து கிடையாது. படித்துவிட்டு எழுத்தாளர் என்ன செய்வார்? வில்லனுக்கு இரண்டு பஞ்ச் வசனம் சேர்ப்பார். அதைத்தான் சேர்த்தார்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. கூடலூர் தனித்தொகுதி. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மட்டுமே அங்கே நிற்க முடியும். நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியும் 2009 தேர்தலிலிருந்து தனித்தொகுதிதான். ஸ்கிரிப்டில் இருக்கும் முதலாளியின் பரம்பரைக்கு வேட்புமனுவே ஏற்கப்படாது. சொன்னதும் ஒரு உதவி இயக்குநர், "தொகுதி பேரை மாத்திடலாம்ணா, கற்பனை ஊர்னு போட்டுக்கலாம்" என்றார். தகவல் பிழையை வெறும் பிழையாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

அன்று மழை. வெளியே போக முடியாமல் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அவரால் நிற்க முடியாது, சரி. ஆனால் அவருக்குச் சட்டசபையில் ஆள் வேண்டும். ஏன் வேண்டும்? கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. அதன் 17ஆவது பிரிவு, ஜன்மிகளிடம், அதாவது பரம்பரை நில உடைமையாளர்களிடம், குத்தகைக்கு எடுத்த தோட்டங்களைப் பற்றியது. அந்தக் குத்தகையைத் தொடர விடுவதா முடிப்பதா என்பது அரசின் கையில் இருக்கிறது. 'செக்‌ஷன் 17 நிலம்' என்றால் கூடலூரில் டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். அந்த நிலங்களில் வீடு கட்டிக் குடியிருந்தும் பட்டா இல்லாமல், கரண்ட் இணைப்புக்கே அலைந்த குடும்பங்கள் ஏராளம். இங்கே பணம் மட்டும் போதாது, கோட்டையில் பேச ஒரு குரல் வேண்டும். அப்படியானால் முதலாளி யாரை நிறுத்துவார்? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, தன் தோட்டத்திலேயே வேலை செய்த ஒரு குடும்பத்தின் பையனை. ஜெயித்த பிறகு யார் பிடியில் யார்? சர்வேயர் கொலையில் பையனுக்குத் தெரிந்தது எவ்வளவு? இரண்டு மணி நேரத்தில் வில்லனுக்குப் பஞ்ச் வசனம் தேவையில்லாமல் போய்விட்டது. இப்போது அந்த எம்.எல்.ஏ. இடத்தில் கந்துவட்டிக்காரரை வைத்துப் படித்தால் கதை இரண்டாவது சீனிலேயே நின்றுவிடும்.

"லாஜிக் இடிக்குது" என்ற வார்த்தையையும் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம். அதே ஸ்கிரிப்டில் உச்சக்கட்டம் ஒரு வாக்குமூலம். இன்ஸ்பெக்டர் முன்னால் அடியாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், வழக்கு முடிகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு அதைச் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 23ஆவது பிரிவு சொல்கிறது. அவன் காட்டிக்கொடுத்துக் கத்தியோ செல்போனோ கைப்பற்றப்பட்டால், அதோடு சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அவன் சொன்னது செல்லும். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது பாதி வேலை. கோர்ட்டில் செல்லாத அந்த வாக்குமூலம் அடுத்த நாள் பிரஸ் மீட்டில் நன்றாகவே செல்லும். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த வீடியோ வெளியே வந்தால் அதற்குத் தீர்ப்பே தேவையில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது தெரிந்திருந்தால் காட்சி பலம், எழுத்தாளருக்கே தெரியாவிட்டால் பலவீனம். ஆளைப் பிடித்து மூன்று நாள் ஸ்டேஷனிலேயே வைத்திருக்கும் காட்சியும் இப்படித்தான். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நிஜத்தில் மீறப்படாத விதி இல்லை அது. ஆனால் மீறுகிறவர் யாருக்காவது பயப்பட வேண்டும். ஸ்டேஷன் ரைட்டராவது கணக்கை எப்படி எழுதுவது என்று தலையைச் சொறிய வேண்டும்.

எண் விஷயத்தில் மட்டும் தயவு காட்டாதீர்கள். 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் பெரும்பான்மைக்கு 118 வேண்டும். நாலு பேர் கட்சி தாவி ஆட்சி கவிழ்கிறது என்றால் கவிழ்வதற்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஸ்கிரிப்ட் சொல்லியாக வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. தாவியவர் பதவி என்னாகும் என்று யாராவது ஒருவர் கேட்கவாவது வேண்டாமா?

மெதுவாகப் போகும் காட்சியைப் பலவீனம் என்று குறிப்பது இன்னொன்று. ஒன்பதாம் பக்கத்தில் அரைப் பக்கக் காட்சி ஒன்று. மழைக்காலக் காலை. இலை ஏஜென்ட்டின் வண்டி நிற்கிறது. ஒரு பாட்டி பச்சைத் தேயிலைச் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுகிறாள். முள் 23இல் நிற்கிறது. ஏஜென்ட் நோட்டில் 20 என்று எழுதிவிட்டு "ஈரம்" என்கிறான். அவள் எதுவும் சொல்லாமல் காலிச் சாக்கை உதறி, மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். பக்கத்தில் பேரன் நிற்கிறான். அவ்வளவுதான். டிஸ்கஷனில் நாலு பேரும் வெட்டச் சொன்னார்கள். நானும் ஓரத்தில் 'தேவையில்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தேன். கொலையும் இல்லை, தகவலும் இல்லை, நேரமாகிறது என்பது எங்கள் வாதம். ஆனால் மூன்று கிலோவை ஒரு வார்த்தையில் எடுத்துக்கொள்ள முடியும், கேட்க ஆளில்லை என்பதைப் படத்தில் வேறெந்த இடமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அந்தப் பேரன்தான் பிறகு எங்கள் வேட்பாளர் ஆனான்.

நம் கட்சி எது என்பதும் எடைக்கல்லில் ஒட்டிக்கொள்ளும். நமக்குப் பிடிக்காத தலைவரைப் போல ஒருவர் அடிவாங்கினால் "துணிச்சலான எழுத்து", நம்மாள் மாதிரி இருந்தால் "ஒருதலைப்பட்சம்". நான் செய்திருக்கிறேன். எழுதியதை ஒருநாள் விட்டுப் படித்தால் தெரிந்துவிடும்.

ஊர்க்காரனுக்கென்று ஒரு வியாதியும் உண்டு. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, இவர் எண்ணிக்கையைக் குறைத்துப் போட்டிருக்கிறார் என்று ஆரம்பித்தால் அறிக்கை முழுக்க அதுவே ஓடும். கதையை அசைக்கிற பிழை எது, ஒரு வரியில் திருத்திவிடுகிற பிழை எது என்று பிரித்து, இரண்டாவதைக் கடைசித் தாளில் பக்க எண்ணோடு தனியாகக் கொடுத்துவிடுங்கள். அந்த ஸ்கிரிப்டுக்கு நான் கொடுத்த கடைசித் தாளில் பதினொரு விஷயம் இருந்தது. பத்தைத் திருத்திவிட்டார்கள். கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் ஜூன் மாதம் நிலச்சரிவு என்பதுதான் பாக்கி. ஜூன் மழை கூடலூருக்கு. எங்கள் பக்கம் மண் சரிவது, 2009 நவம்பரில் நடந்ததுபோல, வடகிழக்குப் பருவமழையில்தான். மாற்ற மாட்டேன் என்கிறார் இயக்குநர். ஹீரோவின் கால்ஷீட் ஜூனில்தான் கிடைக்கிறதாம்.