நிதி நிறுவனத்தில் போட்ட பணம் வரவில்லையா? புகார் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"யாரும் போலீஸுக்குப் போயிடாதீங்க, போனா அக்கவுண்டை முடக்கிடுவாங்க, அப்புறம் ஒருத்தருக்கும் பணம் வராது." உங்கள் ஏஜென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படிக் குரல் பதிவு போட ஆரம்பித்துவிட்டாரா? அப்படியென்றால் இன்றைக்கே புகார் எழுத உட்காருங்கள். என் பெரியம்மா இந்தப் பேச்சை நம்பி எட்டு மாதம் காத்திருந்தார். பெரியப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 4 லட்சம் அங்கே இருந்தது. அந்த எட்டு மாதத்துக்குள் நிர்வாகிகள் தங்கள் பெயரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டார்கள், அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்கள், போனும் எடுக்கவில்லை. பிறகு ஸ்டேஷன், மாவட்ட அலுவலகம், கோர்ட் என்று அவரோடு அலைந்தது நான்தான். அங்கே வரிசையில் நின்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும்தான் கீழே. நான் வக்கீல் இல்லை, உங்கள் வழக்குக்கென்று ஒரு வக்கீலிடம் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள்.

"இது சிவில் மேட்டர்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புகிறார்களே?

தெரிந்தவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் வரவில்லை என்றால் அது பெரும்பாலும் சிவில்தான். பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடிக் குற்றமாகும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, அதற்குப் பின் நடந்ததென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4). இரண்டிலும் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

ஊராரிடம் டெபாசிட் வாங்கும் நிறுவனம் என்றால் கதையே வேறு. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997இல் ஒரு சட்டம் வந்தது. முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், கோர்ட் வட்டாரத்தில் சுருக்கமாக டான்பிட் என்பார்கள். இதன் 5ஆம் பிரிவுப்படி முதிர்வுத் தேதியில் அசலையோ சொன்ன வட்டியையோ தராமல் போவதே குற்றம், நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டம் செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "சிவில்" என்று திருப்பி அனுப்பினால் மரியாதையாக, ஆனால் தெளிவாக, இந்தச் சட்டத்தின் பெயரையும் பிரிவையும் சொல்லுங்கள்.

இன்னும் முதிர்வுத் தேதி வரவில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு 2019இல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது. எந்த ஒழுங்குமுறை அமைப்பிடமும் பதியாமல் டெபாசிட் திட்டம் நடத்தினால், பணம் வாங்குவதே அந்தச் சட்டப்படி குற்றம். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் அந்த நிறுவனத்துக்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்கலாம், அங்கேயே புகாரும் பதியலாம். கம்பெனிப் பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள் என்று எங்களோடு நின்ற ஒரு அண்ணன் சொல்லி அழுதார். கம்பெனியாகப் பதிவு செய்திருப்பது வேறு, மக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றிருப்பது வேறு. தயவுசெய்து இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

எங்கே போவது?

டெபாசிட் மோசடிக்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, மாவட்டங்களிலும் அதன் பிரிவுகள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் மேல் ஏற்கெனவே வழக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதே வழக்கில் உங்கள் புகாரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆன்லைன் டிரேடிங், பார்ட் டைம் வேலை, ஓ.டி.பி என்று வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

சீட்டுப் பணம் என்றால், பதிவு செய்த சீட்டாக இருந்தால் 1982ஆம் வருட சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத்துறையில் சீட்டுப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம்.

என்னென்ன எடுத்துப் போவது?

பாண்டு, ரசீது, பணம் அனுப்பிய வங்கி ஸ்டேட்மென்ட், வட்டி வந்த தேதிகள், ஆதார், ஏஜென்ட்டின் பெயரும் நம்பரும், விளம்பர நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரிஜினலை ஏஜென்ட்டிடமோ கம்பெனியிடமோ எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். போலீஸ் ஒரிஜினல் கேட்டால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்க வேண்டாம், அந்தப் போனையும் விற்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் கோர்ட்டில் போதாமல் போகலாம், மின்னணுச் சாட்சியத்துக்கென்று தனிச் சான்றிதழ் ஒன்று சேர்த்துத் தர வேண்டியிருக்கும்.

புகாரைத் தேதிவாரியாக எழுதுங்கள். யார் சொல்லிப் போட்டீர்கள், எந்தத் தேதியில் எவ்வளவு, ரொக்கமா வங்கி வழியா, என்ன வட்டி சொன்னார்கள், கடைசியாக எப்போது வந்தது, இன்னும் எவ்வளவு வர வேண்டும். இரண்டு பக்கம் போதும். பெரியம்மா முதலில் எழுதியதில் பாதிப் பக்கம் ஏஜென்ட் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைத்த கதைதான் இருந்தது. அவருடைய வேதனை நியாயமானது, ஆனால் விசாரணை அதிகாரிக்கு வேண்டியது தேதியும் தொகையும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். யார் முன்னிலையில் கொடுத்தீர்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது (நகை அடகு வைத்த சீட்டு, வங்கியில் எடுத்த பதிவு) என்று காட்டுங்கள். இல்லாத ரசீதை உருவாக்கப் போய் நீங்களே வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர் போட மாட்டேன் என்றால்?

குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர் போட்டால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், அது உங்கள் உரிமை. மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், நகரமென்றால் கமிஷனருக்கு. அங்கேயும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். வக்கீல் வைக்கப் பணமில்லாதவர்கள் 15100க்கு போன் செய்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி கிடைக்கும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

நானும் நாலு பேரைச் சேர்த்துவிட்டேன், என்மேல் வழக்கு வருமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் மெதுவாக, பக்கத்தில் ஆள் இல்லாதபோது கேட்பார்கள். கமிஷன் வாங்கினீர்களா என்பதுதான் முக்கியம். சும்மா "நானும் போட்டிருக்கேன், நீயும் போடு" என்று சொன்னவருக்கும், ஆள் பிடித்து மாதாமாதம் கமிஷன் வாங்கி மீட்டிங் நடத்தியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஏஜென்ட்டுகளைக் குற்றவாளிகளாகச் சேர்த்த வழக்குகள் நிறைய உண்டு. கமிஷன் வாங்கியிருந்தால் வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், கணக்கை மறைக்காதீர்கள், நீங்கள் சேர்த்துவிட்டவர்களைப் புகார் கொடுக்க விடாமல் தடுக்கவே தடுக்காதீர்கள். அப்படித் தடுக்கப் பேசியதெல்லாம் பிறகு உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

பணம் திரும்ப வருமா, எப்போது?

முழுசாக வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நடைமுறை இதுதான்: நிறுவனத்தின், நிர்வாகிகளின் சொத்துகளை அரசு ஆணை போட்டு முடக்கும், மாவட்ட வருவாய் அலுவலர் அதைப் பொறுப்பில் எடுப்பார், டான்பிட் சிறப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்த பிறகு ஏலம் விட்டு, வந்த தொகையை முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பிரிப்பார்கள். சொத்து எவ்வளவு சிக்கியதோ அவ்வளவுதான் பிரியும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அது குறையும் என்பதால்தான் முதல் பத்தியிலேயே அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

சென்னை ஆருத்ரா நிதி நிறுவன வழக்கில் போலீஸ் கணக்குப்படி ஒரு லட்சம் பேருக்கு மேல் போட்ட பணம் 2,438 கோடி. திருப்பூர் பாசி நிறுவனம் 2009இல் சரிந்தது, தொகை சுமார் 930 கோடி. கோவை சிறப்பு நீதிமன்றம் இரண்டு பேருக்குத் தலா 27 ஆண்டு சிறையும், மொத்தம் 171.74 கோடி அபராதமும் விதித்தது 2022 ஆகஸ்டில். இடையில் 13 வருடம். இதை மனதில் வைத்துக்கொண்டு, மகள் கல்யாணத்துக்கோ கடன் தவணைக்கோ இந்தப் பணத்தை நம்பித் தேதி வைக்காதீர்கள்.

வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் வரையிலான காப்பீடு நிதி நிறுவன டெபாசிட்டுக்குக் கிடையாது.

கம்பெனி சமாதானத்துக்குக் கூப்பிட்டால்?

பணமாக, வங்கி வழியாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு விசாரணை அதிகாரிக்கு எழுதித் தெரிவியுங்கள். புது பாண்டு, மனை, அடுத்த தேதி போட்ட செக் என்று எதைக் கொடுத்தாலும், முழுப் பணமும் கைக்கு வராமல் வழக்கை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுக்காதீர்கள். மனை என்றால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே முடக்கப்பட்ட இடமாகவே இருக்கலாம். செக் திரும்பினால் வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "கோர்ட்ல பணம் ரெடியா இருக்கு, பிராசஸிங் பீஸ் 5,000 கட்டுங்க" என்று போன் வந்தால் அது இன்னொரு மோசடி, உடனே வைத்துவிடுங்கள்.

பணம் பிரிக்கும்போது கூப்பிட போன் நம்பரும் வங்கிக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். வீடு மாறினால், நம்பர் மாறினால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கும் வருவாய் அலுவலர் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். டெபாசிட் போட்டவர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்றிதழோடு குடும்பத்தில் ஒருவர் போய்ப் பட்டியலில் பெயரை மாற்ற மனு கொடுக்கலாம், தள்ளிப் போடாமல் அந்த வருடமே கொடுத்துவிடுங்கள்.