பில்லியனைக் கோடியாக்கும்போது நேரும் பிழைகள்

பில்லியன் என்பது நூறு கோடி. இது தெரிந்தவர்கள்கூட எழுதும் வேகத்தில் பத்துக் கோடி என்று எழுதிவிடுகிறார்கள். மில்லியன் பத்து லட்சம் என்பது மனத்தில் ஆழப் பதிந்திருப்பதால், அந்தப் பத்து அடுத்த பெயரிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆயிரத்துக்குப் பிறகு நம் பெயர்கள் நூறு நூறு மடங்காக ஏற, ஆங்கிலப் பெயர்கள் ஆயிரம் ஆயிரம் மடங்காக ஏறுகின்றன. எனவே பில்லியனை நூறால் பெருக்கினால்தான் கோடி கிடைக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையான 1.21 பில்லியன், 121 கோடி.

காற்புள்ளியை நம்பிப் படிப்பதும் ஆபத்தே. அப்போது பிரிக்கப்படாதிருந்த வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகையை நாம் 39,36,331 என்று எழுதுவோம். வெளிநாட்டு அறிக்கையில் அது 3,936,331 என்றிருக்கும்.

வேலூருக்கு மருத்துவம் பார்க்க வருவோர் கையிலுள்ள இரத்தப் பரிசோதனைத் தாளில் இரு முறைகளும் அருகருகே நிற்பதுண்டு. தட்டணுக்கள் 2.4 லட்சம் என்றும், அதற்குச் சில வரிகள் தள்ளிச் சிவப்பணுக்கள் 4.8 மில்லியன் என்றும் இருந்தால், பின்னது இரு மடங்கு என்று கொள்ளக் கூடாது; 4.8 மில்லியன் 48 லட்சம் ஆதலால் அது இருபது மடங்கு.

இவற்றைவிடப் பெரிய பிழை, பில்லியன் எங்கும் எப்போதும் நூறு கோடிதான் என்று கொள்வது. மில்லியன் என்ற பெயர் 'பெரிய ஆயிரம்' என்ற பொருளில் இத்தாலியிலிருந்து வந்தது. 1484இல் பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா ஷூக்கே, இரண்டைக் குறிக்கும் லத்தீன் முன்னொட்டோடு எழுதிய பில்லியன், மில்லியனை மில்லியனால் பெருக்கிய தொகை, அதாவது ஒரு லட்சம் கோடி. பின்னர் பிரான்சில் அதையே ஆயிரம் மில்லியனுக்கும் வழங்கத் தொடங்க, அமெரிக்கா அந்தப் பொருளை எடுத்துக்கொண்டது. பிரிட்டனோ பழைய பொருளை நெடுங்காலம் விடவில்லை. அரசுப் புள்ளிவிவரங்களில் பில்லியன் இனி ஆயிரம் மில்லியனையே குறிக்கும் என்று பிரதமர் ஹெரால்டு வில்சன் 1974 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஆகவே அதற்கு முன் பிரிட்டனில் அச்சான நூல்களைப் பெயர்ப்பவர், எந்தப் பில்லியன் என்று பார்க்காமல் கோடியாக்கக் கூடாது.

ஜெர்மன் மொழியில் பழைய பொருளே இன்றும் நிலைத்திருக்கிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் ஜெர்மன் சந்தைச் செய்திகளைப் படிப்போர், அங்கே நூறு கோடிக்கு 'மில்லியார்டெ' என்று பெயர் என்பதையும், 'பில்லியோன்' என்று கண்டால் அது லட்சம் கோடி என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதையே ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் ட்ரில்லியன் என்று எழுத வேண்டும்.